மாத்திரையை விட்டதும் இரத்த அழுத்தம் எகிறியது ஏன்?

கானாடுகாத்தான் மகள்:
அப்பச்சிக்கு வயது 71. இரத்த அழுத்தத்துக்குக் குளோனிடின் சாப்பிடுகிறார். போன வாரம் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர், மாத்திரையைக் காரைக்குடியிலேயே மறந்துவிட்டார். இரண்டாம் நாள் பந்தியில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கந்தரப்பத்தை இலையிலேயே விட்டு எழுந்துவிட்டார். அழுத்தம் 200-ஐத் தாண்டியிருந்தது. "நார்அட்ரினலின் உட்காரும் இடத்தில் உட்காரும் மருந்து இது" என்றார் மருத்துவர். நார்அட்ரினலின் என்பது நரம்புகள் வெளிவிட்டு அழுத்தத்தை ஏற்றும் பொருளல்லவா? அதன் இடத்தில் உட்காருவது எப்படி இறக்கும்?

தேவகோட்டை மருந்தியல் வாத்தியார் (ஓய்வு):
ஆச்சி, சரியான இடத்தில் இடறியிருக்கிறீர்கள். நார்அட்ரினலின் உட்காரும் அந்த இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். அவை இரத்தக்குழாயில் மட்டும் இல்லை. நார்அட்ரினலினை வெளிவிடும் நரம்பு முனையிலேயே ஆல்ஃபா-2 என்ற ஏற்பி இருக்கிறது. இது துலங்கியதே 1970-களில்தான்.

மாடித் தொட்டியில் மிதவை வால்வு பார்த்திருப்பீர்கள். குழாய் ஊற்றிய தண்ணீரே மிதவையைத் தூக்கிக் குழாயின் வாயை அடைக்கும். இங்கேயும் வெளியே சேர்ந்த நார்அட்ரினலின் ஆல்ஃபா-2-வில் ஒட்டுகிறது. உள்ளே, ஏற்பியின் செய்தியைக் கடத்தும் ஜி-புரதம் கால்சியம் நுழையும் வாய்க்கால்களை ஒடுக்குகிறது. கால்சியம் நுழையாவிட்டால் நார்அட்ரினலின் பைகள் திறப்பதில்லை. குளோனிடின், தொட்டி நிறையும் முன்பே மிதவையைத் தூக்கிப் பிடிக்கும் கை. அதன் பெரும்பங்கு வேலை மூளைத்தண்டில். இதயத்துக்கும் குழாய்களுக்கும் போகும் உத்தரவே அங்கே தணிந்துவிடுகிறது. (முதலில் இதை மூக்கடைப்புக்காகத் தயாரித்தார்கள் என்றால் நம்புவீர்களா?)

நெடுநாள் பிடித்த கையைச் சட்டென்று எடுத்தால், அடங்கிக் கிடந்த நரம்பு மொத்தமாகக் கொட்டும். மறதிக்காரருக்கு இந்த மருந்து தோதுப்படாது என்பது என் எண்ணம், மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பள்ளத்தூர்க்காரன்:
ஐயா, நரம்பு முனை தன் சரக்கை மட்டும்தான் அளந்து பார்க்குமா?

தேவகோட்டை மருந்தியல் வாத்தியார் (ஓய்வு):
அண்டை அயலின் சரக்கையும் பார்க்கும், தம்பி. மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரச் சேர, ஏ1 என்ற ஏற்பி வழியாகப் பல நரம்பு முனைகள் வெளியீட்டைக் குறைக்கின்றன. காபியிலுள்ள காஃபீன் அந்த ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. நாலு மணிக் காபிக்குப் பிறகு நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கானாடுகாத்தான் மகள்:
மிதவைக் கதையை அப்பச்சியிடம் சொன்னேன். "நம் வீட்டு மிதவை போன ஆண்டே ஓட்டை" என்றார். அவர் மறக்காமல் எடுத்துப்போவது வெற்றிலைப் பெட்டி ஒன்றைத்தான். அதற்குள் ஓர் அட்டை மாத்திரை வைத்துவிட்டேன்.