கமிஷன் வாங்குகிறவர்கள் குடோன் வேலைக்குச் சம்பளம் கேட்கக் கூடாதா?

புரசை சேல்ஸ்மேன்:
வணக்கம். புரசைவாக்கத்தில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் மூன்று வருடமாக சேல்ஸில் இருக்கிறேன். மாதச் சம்பளம் 8,000, கமிஷன் சராசரியாக 7,000 வரும். மதியம் 12.30க்கு ஷிப்ட் தொடங்கும், நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு, இரவு 9.30க்கு முடியணும். முடிவதே இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டாக் எண்ணச் சொல்வார்கள். லோடு வந்தால் இறக்குவதும் நாங்கள்தான். போன வாரம் ஃபிரிட்ஜ் பெட்டியைப் பிடித்தபோது பிளாஸ்டிக் பட்டை உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மீதியையும் இறக்கினேன்.

அதைவிட வலிப்பது ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் அலைமோதும் நேரத்தில் என்னைக் குடோனுக்கு அனுப்புகிறார்கள். நான் பேசிப் பழகி வைத்த குடும்பம் வந்து வேறொருவரிடம் பில் போட்டுப் போய்விடுகிறது. கேட்டால், "கமிஷன் தருகிறோமே, இதெல்லாம் சேர்த்துத்தான்" என்கிறார் மேனேஜர். சட்டம் என்ன சொல்கிறது?

தேனாம்பேட்டை ராஜி:
தம்பி, முதலில் கைக்கு டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, உங்களுக்குப் பொருந்தும். 9ஆம் பிரிவுப்படி கடையில் வேலை பார்ப்பவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. உங்கள் எட்டு மணி நேரம் 9.30க்கே முடிந்துவிட்டது. அதற்கு மேல் 31ஆம் பிரிவுப்படி இரு மடங்கு ஊதியம். கமிஷன் தருவதைக் காட்டி இதை மறுக்க முடியாது.

பழைய யூனியன்காரன்:
ராஜி அம்மா சொன்னது சரி. ஆனால் வெளியே அலைந்து ஆர்டர் பிடிப்பவர்களுக்கு இது பொருந்தாது, பயண வேலைக்கும் கேன்வாசர்களுக்கும் 4ஆம் பிரிவில் விலக்கு உண்டு. தம்பி கடைக்குள் நிற்பவர், அதனால் பிரச்சினை இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத்தொகுப்பு அமலில் இருக்கிறது. அதில் கமிஷன் ஊதியக் கணக்கில் சேராது. கமிஷன் போன்றவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை மட்டும் சேரும். உங்கள் மொத்தம் 15,000, பாதி 7,500. கமிஷன் அதைத் தொடவில்லை. ஆக ஊதியம் வெறும் 8,000. கடை ஊழியருக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்தை அகவிலைப்படியோடு பார்த்தால் அது எட்டவே எட்டாது. இதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய பிடி.

ஞாயிறு விஷயம் கடினம். ஷிப்டுக்குள் வேறு வேலை கொடுத்தால் ஓவர்டைம் வராது. நியமனக் கடிதத்தில் வேலை என்னவென்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

புரசை சேல்ஸ்மேன்:
ரொம்ப நன்றி. கடிதத்தில் "விற்பனைப் பிரதிநிதி" என்று மட்டும்தான் இருக்கிறது. புகார் கொடுத்தால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு பிள்ளைகள்.

தேனாம்பேட்டை ராஜி:
ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது, 41ஆம் பிரிவு. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். தனியாகப் போகாதீர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் நாலு பேர் கையெழுத்தோடு போங்கள். தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், மெட்ரோவில் இறங்கினால் பக்கம்தான். அதுவரை தேதி, நேரம் போட்டு எழுதி வையுங்கள். "இன்று 11 வரை ஸ்டாக்" என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

புரசை சேல்ஸ்மேன்:
சரி அக்கா. நேற்று இரவே எழுத ஆரம்பித்துவிட்டேன். 9.30 முதல் 11.10 வரை, வாஷிங் மெஷின் 14. மூன்று பேர் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார்கள், நாலாமவரிடம் இன்று கேட்கிறேன்.