நிரப்பாமல் விட்ட ஒரு கட்டத்தால் என்ன நடந்துவிடும்?

கேள்வி:
நூலக உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். அரசு நூலகம். புதுப் படிவத்தில் கைரேகைக்கு ஒரு கட்டம் இருந்தது. எதற்கு என்று கேட்டால் "மேலிடத்து உத்தரவு" என்றார் அங்கிருந்தவர். எந்த உத்தரவு, எண் என்ன என்றேன். பதிலில்லை. பேனாவால் அந்தக் கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார், மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அரசு தன் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். கல்லெறிவதில் நம்பிக்கை கிடையாது. வீட்டில் "ஒரு கைரேகைக்கு இவ்வளவு வீம்பா?" என்று சிரிக்கிறார்கள். தனி ஆள் அமைதியாக "மாட்டேன்" என்று சொல்லி எங்காவது ஏதாவது மாறியிருக்கிறதா? ஆறுதல் வேண்டாம், உதாரணம் சொல்லுங்கள்.

பதில் 1:
கிளாரன்ஸ் வில்காக் என்று ஒருவர். 1950 டிசம்பரில் லண்டனில் கார் ஓட்டிப் போனவரைப் போலீஸ்காரர் நிறுத்தி, அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். தான் ஒரு லிபரல் கட்சிக்காரன், இந்த மாதிரி விஷயத்துக்கு எதிரானவன் என்று சொல்லிவிட்டு மறுத்தார் வில்காக். அவ்வளவுதான். கையை ஓங்கவில்லை, ஓடவும் இல்லை.

அந்த அட்டை 1939இல் போருக்காக வந்தது. போர் முடிந்து ஐந்து வருடம் ஆகியும் போகவில்லை, போலீஸ் சாதாரணமாகவே கேட்கப் பழகிவிட்டது. 'அவசரநிலை முடிந்தது' என்று யாரும் முறைப்படி அறிவிக்கவில்லை என்பதுதான் சட்டத்தின் பிடி. உங்கள் "மேலிடத்து உத்தரவு" எந்த வருடத்தது என்று முதலில் பாருங்கள்.

பதில் 2:
மீதிக் கதையையும் சொல்லுங்கள். வில்காக் தோற்றார். 1951இல் ஏழு நீதிபதிகள் மேல்முறையீட்டைக் கேட்டார்கள், சட்டம் செல்லும் என்றுதான் தீர்ப்பு.

பதில் 1:
தோற்றார், சரி. ஆனால் தண்டனை எதுவும் இல்லை. பாதுகாப்புக்காகப் போட்ட சட்டத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால், ஒழுங்காக இருப்பவர்களும் சட்டத்தை மீறுகிறவர்கள் ஆகிவிடுவார்கள் என்று தலைமை நீதிபதி கோடார்டே போலீஸைக் கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அட்டையே ஒழிந்தது. இடையில் ஆட்சி மாறியதும் ஒரு காரணம், எல்லாவற்றையும் வில்காக் கணக்கில் எழுத மாட்டேன்.

பதில் 3:
எதை மறுக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் தோரோ அடிமைமுறையையும் மெக்சிகோ போரையும் எதிர்த்துத் தலைவரி கட்ட மறுத்து, 1846இல் ஒரு ராத்திரி சிறையில் இருந்தார். யாரோ அவருக்காக வரியைக் கட்டிவிட, மறுநாளே வெளியே அனுப்பிவிட்டார்கள். இந்த இடம் எனக்குக் கொஞ்சம் சிரிப்புதான். ஆனால் அதே மனிதர் சாலை வரியை மறுத்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் முறைத்துக்கொண்டு நின்றால் எதற்காக நிற்கிறோம் என்று யாருக்கும் புரியாது.

அப்புறம், கவுண்டரில் இருக்கிறவரோடு சண்டை போடாதீர்கள். கட்டம் போட்டது அவர் இல்லை.

கேள்வி கேட்டவர்:
கடைசி வரி உறைத்தது. அன்றைக்கு அவரிடம் குரலை உயர்த்தித்தான் பேசினேன், அதை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன்.

ஒரு மனு எழுதியிருக்கிறேன். கைரேகை கேட்பது எந்த விதிப்படி, தராவிட்டால் உறுப்பினர் அட்டை மறுக்கப்படுமா, எடுத்த ரேகை எவ்வளவு காலம் யாரிடம் இருக்கும் என்று மூன்றே கேள்விகள். இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்வேன். வட்டம் போட்ட அதே படிவத்தைத்தான் மறுபடி நீட்டப் போகிறேன், மற்ற எல்லாக் கட்டங்களையும் நிரப்பி. இரவல் வாங்கிய புத்தகம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது, தவணை திங்கட்கிழமை. அதையும் கொடுத்துவிட வேண்டும்.