"உம்மட கதை எங்களுக்குத் தெரியும்"

யாழ்ப்பாணத்தில் சின்னதாக ஒரு செய்தி நிறுவனம் நடத்துகிறேன். முதலில் வாரப் பத்திரிகையாக இருந்தது. 2022 இல் காகிதத் தட்டுப்பாட்டால் கொழும்பில் பெரிய பத்திரிகைகளே சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தியபோது நாங்களும் அச்சை விட்டு இணையத்துக்கு வந்தோம். எச்.ஐ.வி.யோடு வாழ்கிறேன் என்பதை என் சொந்தப் பெயரில், என் சொந்தத் தளத்திலேயே எழுதியவன். இந்த இரண்டும் முட்டிக்கொண்ட இடங்களை எழுதச் சொல்லிச் சிலர் கேட்டீர்கள்.

பெரிய துணிச்சலில் எழுந்து நின்று சொன்னேன் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வடமராட்சி கிழக்கில் மணல் அள்ளுகிறவர்களைப் பற்றித் தொடராகச் செய்தி போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பின்னேரம், டிப்பர் வைத்திருக்கும் ஒருவர் கந்தோருக்கு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "தம்பி, உம்மட கதை எங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு எந்தக் கதவால போறீர் எண்டும் தெரியும்" என்றார். அதட்டலே இல்லை. கலியாண வீட்டில் சுகம் விசாரிக்கிற குரல்தான்.

செய்தித் தொழிலில் இருக்கிறவனுக்கு இந்த வியாபாரம் புதிதல்ல. யாருடைய இரகசியம் என்ன விலைக்குப் போகும் என்று எங்களுக்கும் தெரியும். அந்தச் சரக்கை நானே சும்மா கொடுத்துவிட்டால் அவரிடம் விற்க ஒன்றும் இருக்காது. அவ்வளவுதான் கணக்கு. மனைவிக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்குப் பரிசோதித்ததில் தொற்று இல்லை. அம்மாவிடம் மட்டும் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன்ர கோப்பையைத் தனியா வைக்கவோ?" என்று கேட்டார். தேவையில்லை என்றேன். "அப்ப சரி, கை கழுவிப்போட்டு வா" என்றார். மணல் தொடரின் அடுத்த பகுதியும் என் கட்டுரையும் ஒரே நாளில் வெளிவந்தன.

இனி காசுக் கதை. நம் ஊரில் ஒரு செய்தித்தளம் எதில் பிழைக்கிறது என்று வெளியாருக்குத் தெரியாது. செய்தியில் அல்ல. மரண அறிவித்தல், 31ஆம் நாள் நினைவஞ்சலி, ஆண்டுத் திவசம், பூப்புனித நீராட்டு வாழ்த்து. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் நகைக்கடையும் புடவைக்கடையும். கட்டுரை வந்த வருடம் ஒரு நகைக்கடைக்காரர், "இந்த முறை பட்ஜெட் இல்லைத் தம்பி" என்றார். அதே வாரம் அவருடைய விளம்பரம் வேறு இரண்டு இடங்களில் முழுப்பக்கமாக வந்தது. மரண அறிவித்தல் மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் காசு நேரே வங்கிக்கு வரும், என்னோடு கை குலுக்க வேண்டியதில்லை. புலம்பெயர்ந்தவர்கள் முற்போக்கானவர்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள்.

பிறகு ஒரு அரசசார்பற்ற நிறுவனம் விழிப்புணர்வுப் பக்கம் நடத்தப் பணம் தருவதாகக் கேட்டது. மேடைக்குக் கூப்பிடுங்கள், போக்குவரத்துச் செலவு தந்தால் போதும், வந்து பேசுகிறேன் என்றேன். செய்திப் பக்கத்தைக் கொடுக்கவில்லை. இன்றைக்கு நல்ல விடயத்துக்கு வாடகைக்குக் கொடுக்கிற பக்கத்தை நாளைக்கு மணல்காரரும் கேட்பார்.

எனக்குக் கோபம் வருவது வெளியாரிடம் அல்ல, எங்கள் தொழில்காரரிடம்தான். உலக எயிட்ஸ் தினமான டிசம்பர் 1ஆம் திகதி ஒவ்வொரு வருடமும் பாருங்கள்: "யாழில் எயிட்ஸ் அபாயம், அதிர்ச்சித் தகவல்!" பக்கத்தில் எலும்பும் தோலுமாக எங்கோ எடுத்த ஒரு படம். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த நிருபர் ஒருமுறை கைதான ஒரு பெண்ணின் செய்தியைக் கொண்டுவந்தார். அந்தப் பெண்ணுக்குத் தொற்று இருப்பதாகப் பொலிஸ் சொன்னதாம். படத்தில் பெண்ணின் முகத்தை நிருபர் மறைத்திருந்தார். ஆனால் கிராமத்தின் பெயர், வயது, எத்தனை பிள்ளைகள், கணவன் செய்யும் தொழில் எல்லாம் இருந்தன. "தம்பி, இதில நீர் எதை மறைச்சிருக்கிறீர்?" என்று கேட்டேன். நம் ஊரில் கிராமமும் தொழிலும் சேர்ந்தால் அது பெயர், முகவரி, குலம் கோத்திரம் எல்லாம்தான். செய்தியை முழுதாக நிறுத்தினேன். போட்டித் தளத்தில் இரவே வந்துவிட்டது. அன்றைக்கு அவர்களுக்குத்தான் கூட்டம்.

இது சும்மா பயமில்லை. 2016 இல் குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவிடாமல் பெற்றோர்கள் எதிர்த்தார்கள். குடும்பத்தில் எச்.ஐ.வி. என்ற வதந்தி மட்டும்தான் காரணம். கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரிதான் இடம் கொடுத்தது.

வாசிகசாலைகளில் பேசப் போனால் நுளம்பு கடித்தால் வருமா என்று முதலில் கேட்பார்கள். வராது. வயதான ஒரு ஐயா, "பிள்ளை குட்டி பெறலாமோ?" என்று நேராகவே கேட்டார். மருந்தை ஒழுங்காக எடுத்து, வைரஸ் அளவு ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 200 பிரதிகளுக்குக் கீழே நின்றால், உடலுறவில் மற்றவருக்குத் தொற்றாது என்று சொன்னேன். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை 2019 இல் அங்கீகரித்ததையும் சொன்னேன். "இதை ஏன் பேப்பரில பெரிசாப் போடேல்லை?" என்றார். நல்ல கேள்வி. அபாயம் இல்லாத தலைப்பை யாரும் அழுத்திப் பார்ப்பதில்லை ஐயா.

"எப்பிடி வந்தது?" என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்வதில்லை. விபத்துக்குப் பிறகு ஏற்றிய இரத்தத்தால் தொற்றுக்குள்ளான குழந்தை வைத்தியர் கமலிகா அபேரத்ன, இந்த நாட்டில் தன் நிலையை வெளிப்படையாகச் சொன்ன முதல் சிலரில் ஒருவர். 2004 இல் காலமானார். அவரிடம் அந்தக் கேள்விக்கு ஊர் ஏற்கும் பதில் இருந்தது. நான் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் சபை இரக்கப்படுமா, ஒழுக்கம் படிப்பிக்குமா என்று முடிவாகும். அந்தத் தீர்ப்புக்கு நான் விண்ணப்பிக்கவில்லை.

என் கட்டுரையை வாசித்துவிட்டு நெல்லியடி அக்கா ஒருவர் எழுதியது:

அண்ணை எழுதினதை வாசித்தேன். என் தம்பி வளைகுடாவில் வேலை செய்தவன். விசா புதுப்பிக்கும்போது இரத்தம் எடுத்தார்கள், பிறகு காரணம் சொல்லாமலே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அவன் வீட்டுக்கு வந்து சேர முன்னமே அனுப்பின ஏஜென்ட் ஊரில் கதையை விட்டுவிட்டான். உங்கள் கட்டுரையை அவனுக்குக் காட்டினேன். "அவருக்குப் பேப்பர் இருக்கு, எனக்கு என்ன இருக்கு?" என்றான். இன்னும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்த்தான் மருந்து எடுக்கிறான், இங்கே போதனா வைத்தியசாலையில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று. குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அந்தக் கட்டுரைக்குக் கீழே வந்த பின்னூட்டங்களை ஏன் விட்டு வைத்தீர்கள்? அதை வாசித்துவிட்டுத்தான் அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அக்காவுக்குப் பதில்:

என்னைத் திட்டியவற்றை விட்டேன். மற்றவர்களின் பெயர் சொல்லித் திட்டியவற்றை நீக்கினேன். உங்கள் தம்பி போன்ற ஒருவர் வாசிப்பார் என்று பார்த்தால் முதலாவதையும் நீக்கியிருக்கலாம். இது எனக்கு இன்னும் தீராத வழக்கு. கொழும்புக்குப் போவதில் ஒரு பிழையும் இல்லை, அங்கேயும் இலவசம், அதே குளிசைதான். இங்கே மாற்ற விரும்பினால் கிளினிக்கில் சொன்னால் செய்து தருவார்கள். அவர் பேப்பர் பற்றிச் சொன்னது சரிதான், அதில் எனக்கு வாதமில்லை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: போத்தலில் ஒரு கிழமைக்குக் குளிசை மிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறச் சொல்லுங்கள். பஸ் ஓடாத நாட்களை 2022 இல் எல்லோரும் பார்த்தோம்தானே.