அப்புத்தளையில் பழுதான கேம்பர் வேனும் கூடுதலாகக் கிடைத்த ஒரு நாளும்: ஆலோசனை தேவை

கேள்வி

வணக்கம். நானும் என் மனைவியும் பத்து வயது மகளும் எழுபதைத் தாண்டிய அம்மாவும் வாடகைக்கு எடுத்த கேம்பர் வேனில் நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாக இறங்கி வந்தபோது, பிரேக்கை மிதித்தால் மிதி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கத் தொடங்கியது. பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டும் என்றும், அது கொழும்பிலிருந்து நாளை மாலைதான் வந்து சேரும் என்றும் கராஜில் சொல்லிவிட்டார்கள். பின்புறப் புல்தரையிலேயே வேனில் தங்க இடமும் தந்திருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். குளிர்பெட்டி நேற்று இரவு தானாக நின்றுவிட்டது; உள்ளே கோழி இறைச்சி இருக்கிறது. அதற்கான தனிப் பற்றரி 100 ஆம்பியர் மணி, ஈய அமில வகை. அடுத்தது, நாளை லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சியிடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறோம். வேனை மெதுவாக ஓட்டி, வழியிலுள்ள தம்பேதன்னைத் தோட்டம் வரையாவது போகலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

பதில் – பண்டாரவளையிலிருந்து

ஐயா, வேனை ஓர் அடிகூட நகர்த்த வேண்டாம். மிதி இப்படி இறங்கும் வண்டியில் அடுத்த முறை மிதிக்கும்போது பிரேக் பிடிக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மெதுவாக ஓட்டினாலும் மலை இறக்கம் இறக்கம்தான்.

குளிர்பெட்டியில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பற்றரி பெரும்பாலும் எஞ்சின் ஓடும்போதுதான் ஏறுகிறது. வேன் நின்றுவிட்டால் வரவு நின்று செலவு மட்டும் தொடரும். ஈய அமிலப் பற்றரியில் பாதியை, அதாவது 50 ஆம்பியர் மணியைத்தான் கெடுதல் இல்லாமல் எடுக்கலாம். கம்பிரசர் குளிர்பெட்டி ஓடும் நேரத்தில் 4 அல்லது 5 ஆம்பியர் இழுக்கும் என்பதால், ஒரு நாளிலேயே அந்த அளவு தீர்ந்துவிடும். மின்னழுத்தம் குறைந்ததும் பற்றரியைக் காப்பாற்ற அது தானே நின்றிருக்கிறது.

இறைச்சியில் குளிர் இன்னும் இருந்தால் உடனே நன்றாகச் சமைத்து இன்றே சாப்பிட்டு முடியுங்கள். குளிர் விட்டுப்போயிருந்தால் எறிந்துவிடுங்கள். பிறகு குளிர்பெட்டியை நிறுத்திவிட்டு, மிச்ச மின்சாரத்தை விளக்குக்கும் கைபேசிக்கும் வைத்திருங்கள். முட்டையும் மரக்கறியும் அப்புத்தளைக் குளிரில் ஒரு நாள் வெளியே இருந்தால் கெடாது. ஸ்டார்ட் செய்யும் பற்றரியிலிருந்து குளிர்பெட்டிக்கு வயர் இழுக்காதீர்கள். குளிருக்காக வேனுக்குள் அடுப்பை எரிய விட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது.

பதில் – தம்பேதன்னையிலிருந்து

அண்ணா, நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் இங்கே கட்டிய தேயிலைத் தொழிற்சாலை வரை அப்புத்தளையிலிருந்து பஸ் வரும். அங்கிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர். அம்மா இருப்பதால் ஓட்டோ பேசி நேரே மேலே போய்விடுங்கள். விடியுமுன் கிளம்புவதுதான் முக்கியம்; ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிட்டால் பக்கத்துத் தேயிலைச் செடிகூடத் தெரியாது.

இறங்கும்போது அம்மாவை ஓட்டோவில் அனுப்பிவிட்டு, மகளைத் தோட்டப் பாதையில் நடத்திக் கூட்டி வாருங்கள். அந்த நேரத்தில் மலையில் கொழுந்து எடுப்பார்கள். படம் பிடிப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் அம்மாமாருக்கு அது வேலை நேரம். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டால் ஓரளவு தப்பலாம்.

பிற்பகலுக்கு வேறு இடம் தேட வேண்டாம் என்பது என் எண்ணம். புல்தரையில் நாற்காலியைப் போட்டு, தேநீர் ஊற்றி, பனி வந்து போவதை அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள். ஓடிக்கொண்டே இருக்கும் பயணத்தில் அதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை.

கேட்டவர், மறுநாள் இரவு

இருவருக்கும் நன்றி. தங்கச்சி சொன்னபடியே இருட்டோடு கிளம்பினோம். ஆறரை மணிக்குத் தெற்கே சமவெளி முழுவதும் தெரிந்தது, எட்டே முக்காலுக்குப் பனி மூடிவிட்டது. இறங்கும் வழியில் ஓர் அக்கா மகளின் கையைப் பிடித்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளக் கற்றுக் கொடுத்தார். அந்தக் கொழுந்தை மகள் இன்னும் கையில் வைத்திருக்கிறாள். பிற்பகலில் அம்மா நாற்காலியை விட்டு எழவேயில்லை. பதுளையில் கழிந்த தம் சிறுவயதை எங்களுக்கு முதன்முறையாக விரிவாகச் சொன்னார். புதிய சிலிண்டர் பொருத்தியாகிவிட்டது, மிதி கெட்டியாக நிற்கிறது. நாளை காலை வெல்லவாயப் பக்கம் குறைந்த கியரில் இறங்குகிறோம்.