கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்: குடும்பப் பெயரால் வந்த வாய்ப்பா?

கேள்வி: இங்கிலாந்தின் லிவர்பூல் பேராலயத்தை வடிவமைக்கும் போட்டியில் 1903இல் வென்றபோது கட்டடக் கலைஞர் ஸ்காட்டுக்கு வயது 22தான். தாத்தா, அப்பா இருவருமே பேர்பெற்ற கட்டடக் கலைஞர்கள். அந்தப் பெயர்தான் கைகொடுத்ததா?

பதில் 1: பெயர் உதவியிருக்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. சின்ன வயது என்பதால் மூத்த கட்டடக் கலைஞர் பாட்லியையும் கூடவே போட்டார்கள். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1907இல் பாட்லி இறந்தார். அப்புறம் ஸ்காட் தன் வென்ற வரைபடத்தையே மாற்றினார்: இரட்டைக் கோபுரம் போய், நடுவில் ஒற்றைக் கோபுரம். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே! இந்தத் துணிச்சலைத் தாத்தா கொடுத்துவிட முடியாது.

பதில் 2: அவர் திறமைக்கு இன்னொரு சான்று: லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் இவர் வடிவமைத்ததுதான்.

கேள்வி கேட்டவர்: சரி, பேராலயத்துக்கு நேரில் போனால் எதை முதலில் பார்ப்பது?

பதில் 1: பேராலயத்தின் ஒரு பகுதியாக 1910இல் திறந்த, மாதாவுக்கான சிற்றாலயத்தை. கல்லில் நெருக்கமான பூவேலை. பிறகு பெரிய மண்டபத்துக்கு வாருங்கள். வெற்றுச் சுவரின் கனம் புரியும்.