சொந்த நடைக்கு வட்டாரச் சொல் போதுமா?

நொய்யல்கரை:
அமுச்சியின் (எங்கள் பக்கம் பாட்டியை இப்படித்தான் அழைப்போம்) கடைசி நாட்களைப் பற்றிய என் முதல் சிறுகதையை ஓர் இதழ் ஏற்றுக்கொண்டது. ஆனால் திருத்தப்படியில் ‘இட்டேறி’ என்ற சொல் ‘வேலியோரப் பாதை’ என்று மாறியிருக்கிறது. இரு பக்கமும் கிளுவை வேலி உயர்ந்து நிற்க, நடுவில் ஒரு மாட்டுவண்டி மட்டும் போகும் அந்தத் தடத்துக்கு எனக்கு வேறு பெயர் தெரியாது. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் ‘நாகம்மாள்’ நாவலில் கொங்குப் பேச்சை எழுத்தில் ஏற்றிவிட்டார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் நாம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா? அந்தச் சொல் போனால் கதையும் என்னுடையதாக இராது என்றே எனக்குத் தோன்றுகிறது. முதல் பத்தியைக் கீழே இட்டிருக்கிறேன்.

‘பொழுதோட சாளையை விட்டுக் கிளம்பிய அமுச்சி, தொண்டுப்பட்டியைத் தாண்டி இட்டேறியில் இறங்கி, காட்டுப் பக்கம் போனாள்.’

கொறங்காட்டான்:
‘இட்டேறி’யை விட்டுக்கொடுக்காதீர்கள், ஆசிரியருக்குக் காரணத்தை விளக்கி எழுதுங்கள். ஆனால் உங்கள் அச்சம் இடம் மாறி நிற்கிறது என்பேன். இந்தப் பத்தியில் நம் ஊர்ச் சொற்கள் நான்கைந்து இருக்கின்றன, அமுச்சி மட்டும் இல்லை. பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் தஞ்சாவூர்க்காரர் ஒருவரும் இதே வரியை எழுதிவிடுவார். அவரால் எழுத முடியாதது, உங்கள் அமுச்சி அந்த இட்டேறியில் எந்த இடத்தில் நின்றார், எதைத் தொட்டார் என்பதைத்தான்.

ஊத்துக்குளி வாசகி:
நான் இருவரிடமும் மாறுபடுகிறேன். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் பத்தாண்டுகள் வேலை பார்த்தவள் நான். என் காதில் விழுந்தவை ஓவர்லாக், பீஸ் ரேட், ஒன்றரை ஷிப்ட் என்ற சொற்களே. கொங்கு மண்ணின் கதை என்றால் காடும் தோட்டமும் வர வேண்டும் என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, என்னிடம் எழுத எதுவும் இல்லை என்றே நம்பி, அத்தனை ஆண்டும் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு, சம்பளக் கவரைப் பிரிக்காமலேயே விரலால் தடவி, தொகை குறைந்திருப்பதைக் கண்டுகொண்ட ஓர் அக்காவைப் பற்றி நான்கு வரி எழுதினேன். எழுதலாம் என்ற துணிவு எனக்கு அன்றுதான் வந்தது.

கொறங்காட்டான்:
நீங்கள் என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறீர்கள், அம்மணி. அந்த விரலைப் பார்த்த கண்தான் உங்கள் நடை.

ஊத்துக்குளி வாசகி:
முழுக்க ஒப்ப மாட்டேன். ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பதைப் ‘பன்னிரண்டு மணி நேர வேலை’ என்று திருத்தினால் பொருள் நிற்கும். ஆனால் அந்த அக்காவின் அலுப்பு போய்விடும். கண்டதைக் கண்டபடி சொல்ல அந்தச் சொல்தான் வேண்டும். இரண்டையும் பிரித்து வைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நொய்யல்கரை:
இரண்டு நாள் இதே நினைப்பாக இருந்து பத்தியை மாற்றினேன். ஆசிரியருக்கு இதையே அனுப்பப் போகிறேன். ‘இட்டேறி’ அப்படியே இருக்கிறது.

‘இட்டேறி முடியும் இடத்தில் அமுச்சி நின்றாள். கண் மங்கிய பிறகு அவள் படலைக் கையால் தேடுவதில்லை. கிளுவைக் குச்சிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வருவாள். பதினேழாவது குச்சிக்கு அடுத்தது படல். அன்று இருபது வரை எண்ணிவிட்டு, “ஏஞ்சாமி, படலை மாத்தீட்டாங்களா?” என்று கேட்டாள்.’