அம்பாசடருக்கு எந்த ராக்கர் ஆர்ம் போடலாம்? அவசரம்

அம்பி_பிரியன்:
வணக்கம். அப்பாவின் அம்பாசடருக்கு இன்ஜின் வேலை நடக்கிறது. போர் செய்து பிஸ்டன் மாற்றியாச்சு, வால்வும் கிரைண்ட் செய்தாச்சு. வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்ம்தான் பாக்கி. கடையில் புது செட் காட்டுகிறார்கள், பழையதைவிட எடை குறைவாக இருக்கிறது. மெக்கானிக் பழையதே போதும் என்கிறார். சனிக்கிழமைக்குள் மூட வேண்டும். எதைப் போடுவது?

கோவை_லேத்:
தம்பி, பெட்ரோலா, டீசலா, பின்னால் வந்த இசுசு இன்ஜினா? எந்த வருஷம்? கழற்றுவதற்கு முன் சத்தம் இருந்ததா?

ரோலர்_ராஜா:
முனையில் உருளை உள்ள, நெம்பு விகிதம் கூடிய ரோலர் ராக்கர் போடுங்கள். இங்கிலாந்தில் எம்ஜிபி காருக்குக் கிடைக்கிறது, அதுவும் அம்பாசடர் பெட்ரோல் போலவே பி சீரிஸ் இன்ஜின்தான். வால்வு கூடுதலாகத் திறக்கும், இழுவை ஏறும்.

பழைய_ஸ்பேனர்:
ராஜா, அடிப்படை தெரிந்துகொண்டு எழுதுங்கள். வால்வு கூடுதலாக இறங்கும்போது ஸ்பிரிங் முழுக்கச் சுருண்டு முட்டுமா என்று அளந்தீர்களா? ஒற்றை கார்புரேட்டர் வைத்த வீட்டு வண்டிக்கு அது எதற்கு? இதையே எத்தனை தடவை எழுதுவது? கேள்வி கேட்டவரும் வண்டி விவரமே தரவில்லை.

அம்பி_பிரியன்:
மன்னிக்கவும் சார். 1978 மார்க் 3, பெட்ரோல், 1489 சிசி. டேப்பட் சத்தம் இருந்தது. ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே கேப் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்தும் போகவில்லை.

எண்ணெய்_மணி:
எண்ணெய் ஏறவில்லை, அவ்வளவுதான். ராக்கர்கள் ஆடும் தண்டுதான் ராக்கர் ஷாஃப்ட்; அதைத் தாங்கும் ஸ்டாண்டுகளில் ஒரே ஒரு ஸ்டாண்ட் வழியாகத்தான் அதற்கு எண்ணெய் வரும். அந்தத் துளை அடைத்திருக்கும். ஷாஃப்டின் முனை பிளக்கைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யுங்கள்.

கோவை_லேத்:
மணி சொன்னதையும் பாருங்கள். ஆனால் கேப் சரியாக வைத்தும் சத்தம் என்றால் எனக்கு முதல் சந்தேகம் ராக்கர் பேட். வால்வை அழுத்தும் அந்த முகத்தில் குழி விழுந்திருக்கும். கேப்பை அளக்கும் ஃபீலர் கேஜ் தட்டையான தகடு, குழியின் இரண்டு கரையிலும் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் 15 என்று நினைப்பீர்கள், உண்மையில் 20க்கு மேல் இருக்கும். விரல் நகத்தால் தடவினாலே தெரியும்.

ஷாஃப்டின் அடிப்பக்கத்தையும் தடவுங்கள். படி தட்டினால் ஷாஃப்ட் புதிது. ராக்கரில் புது புஷ் (உள் வளையம்) அடித்து, எண்ணெய்த் துளை போட்டு, ஷாஃப்டுக்குத் தக்கபடி ரீமர் விட்டு உள் அளவைச் சரிசெய்ய வேண்டும். எண்ணெய்த் துளையை மறந்தால் எல்லாம் வீண். பேட் குழி லேசாக இருந்தால் வளைவு மாறாமல் தேய்க்கலாம். ஆழமாகத் தேய்த்தால் கடினப்படுத்திய மேல்தோல் போய்விடும்.

கடைக்காரர் காட்டும் எடை குறைந்த செட் தகட்டை அழுத்திச் செய்ததாக இருக்கலாம். உங்கள் பழையது ஃபோர்ஜிங் (காய்ச்சி அடித்துச் செய்தது) என்றால் அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஹைவே_குமார்:
இவ்வளவு பாடு எதற்கு? 1817 சிசி இசுசு இன்ஜினை மாட்டினால் ஐந்து கியரும் கிடைக்கும்.

பழைய_ஸ்பேனர்:
அப்பாவின் வண்டி என்கிறார். மார்க் 3க்குள் இசுசு வைத்தால் அது வேறு வண்டி.

ஹைவே_குமார்:
ஷெட்டில் நிற்பதைவிட ரோட்டில் ஓடுவது மேல். நான் மாற்றி ஓட்டுகிறேன்.

பழைய_ஸ்பேனர்:
உங்கள் ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் மாற்றினீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கோவை_லேத்:
அதை வேறு இழையில் பேசுங்கள். தம்பி, ஒன்று விட்டுப்போச்சு. ராக்கர் ஸ்டாண்டைப் பிடிக்கும் நட்டுகளில் சில ஹெட்டையும் பிடிக்கின்றன. மறுபடி கழற்றினால் தண்ணீரை வடித்து, எல்லா நட்டையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். இல்லையென்றால் கேஸ்கெட் போகும்.

அம்பி_பிரியன்:
ஐந்து ராக்கரில் குழி, ஷாஃப்டிலும் படி. பழைய ராக்கருக்கே புஷ் அடித்து, ஷாஃப்ட் புதிது போட்டோம். சத்தம் இல்லை. நன்றி அண்ணா.

எண்ணெய்_மணி:
எண்ணெய்த் துளை அடைத்திருந்ததா?